நாலு மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஃபோர் எம்எம் வயரா?

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"அண்ணா, மறுவிற்பனை நாலறை வீடு வாங்கி ரெனோவேஷன் நடந்துகொண்டிருக்கிறது. கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கப் போகிறோம். லேபிளில் 6.4 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. பழைய வீட்டுக்காரர் ஓவனுக்காகப் போட்ட பாயிண்ட் ஒன்று அங்கேயே இருக்கிறது, ரெனோவேஷன்காரர் 'அதே வயர் போதும், அது ஃபோர் எம்எம்' என்கிறார். அவர் வெட்டிப் போட்ட துண்டை ரூலரில் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர்தான் வருகிறது. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, உள்ளே ஏழு இழை. மயிலாடுதுறையில் அப்பாவிடம் போனில் கேட்டால் '3/20 போட்டிருக்காங்களான்னு பாரு' என்கிறார். யூடியூபில் ஓர் அமெரிக்கர் 10 கேஜ் வேண்டும் என்கிறார். என் வயர் எத்தனை கேஜ் என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?"

தங்கச்சி, முதலில் ஒன்று. நான் சொல்வதைப் படித்து முடிக்கும்வரை அந்த அடுப்பை அந்தப் பாயிண்டில் மாட்ட விடாதீர்கள். வெட்டிய துண்டை எடுத்து வைத்தீர்களே, அது நல்ல காரியம், பாதிப் பேர் அதைக் கூட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

நீங்கள் ரூலரில் அளந்தது வயரின் வெளித்தடிமன், அதாவது செம்பும் அதன்மேல் இருக்கிற பிவிசி உறையும் சேர்ந்து. எலக்ட்ரீஷியன் "ஃபோர் எம்எம்" என்று சொல்வது அதை இல்லை. அது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, 4 சதுர மில்லிமீட்டர். தப்பு உங்களுடையது அல்ல, எங்கள் தொழில்காரர்கள் வாயில் அந்தச் 'சதுரம்' எப்போதோ உதிர்ந்து போய்விட்டது, 2.5ஐ 'டூ பாயிண்ட் ஃபைவ்' என்போம், 4ஐ 'ஃபோர் எம்எம்' என்போம், கேட்பவர் ரூலரைத் தேடிப் போவார். 2.5 சதுர மிமீ வயரின் வெளித்தடிமன் சுமார் 3.6 மிமீ, 4 சதுர மிமீ வயருக்குச் சுமார் 4.2 மிமீ. இரண்டுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளிக்கூட ரூலரில் இரண்டுமே "கிட்டத்தட்ட 4"தான். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலையில் இருக்கும் நானே வெளியே தொட்டுப் பார்த்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஏழு இழை என்கிறீர்களே, அதுவும் எதையும் முடிவு பண்ணாது. இங்கே சுவருக்குள் போகிற வயர்களில் 1.5க்கும் ஏழு இழைதான், 2.5, 4, 6, 10, 16 எல்லாவற்றுக்கும் ஏழு இழைதான். மாறுவது ஒவ்வோர் இழையின் தடிமன். ஆகவே அளக்க வேண்டியது ஓர் இழையை.

வெர்னியர் காலிப்பர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஒரு பென்சிலும் அதே ரூலரும் போதும். துண்டின் உறையை ஓர் அடி நீளத்துக்கு உரித்து, முறுக்கிப் போயிருக்கும் ஏழில் ஒன்றை மட்டும் பிரித்து, நகத்தால் இழுத்து நேராக்குங்கள். அதைப் பென்சில்மேல் ஒட்டி ஒட்டிப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். நடுவே இடைவெளி விழக் கூடாது, விழுந்தால் இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டி உங்களை ஏமாற்றும், அதனால் இரண்டு பக்கமும் நகத்தால் நெருக்கிவிட்டு அந்தப் பத்துச் சுற்றின் அகலத்தை ரூலரில் பாருங்கள். 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டினால் (5.3) அது 1.5 சதுர மிமீ வயர். 6.7 என்றால் 2.5. எட்டரை வந்தால் 4. பத்தைத் தாண்டி 10.4 வந்தால் 6. ரூலரின் கோடுகளே போதும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டராவது வித்தியாசம் இருக்கிறது.

கணக்குப் போட்டுச் சரிபார்க்க ஆசை இருந்தால், ஓர் இழையின் தடிமனை அதாலேயே பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, அப்புறம் இழை எண்ணிக்கையால் பெருக்குங்கள். 0.67ஐ 0.67ஆல் பெருக்கினால் 0.449, அதை 0.785ஆல் பெருக்க 0.352, ஏழு இழைக்கு 2.47. கடையில் 2.5 என்று விற்பது அதைத்தான்.

உறைமேல் அச்சடித்திருப்பதைப் படித்தால் இந்த வேலையே வேண்டாம், 450/750 வோல்ட், 2.5 சதுர மிமீ என்று வரிசையாக இருக்கும். உங்களிடம் இருப்பது சின்னத் துண்டு, அச்சு விழாத இடமாகக்கூட இருக்கலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து மையில் இல்லாமல் உறையில் பள்ளமாகப் பதிந்திருந்தால் கொஞ்சம் பவுடரோ பூஜை அலமாரித் திருநீறோ தடவித் துடையுங்கள், பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்துத் தெரியும். இதெல்லாம் கையில் இருக்கும் துண்டுக்கு மட்டும். சுவரில் இருக்கும் வயரில் செய்யாதீர்கள், டிபி பெட்டியை (மெயின் ஸ்விட்ச் இருக்கும் பெட்டி) திறந்தும் செய்யாதீர்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் பெட்டிக்குள் கரண்ட்டே இல்லை என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மீட்டரிலிருந்து வரும் வயர் மெயின் ஸ்விட்சின் ஒரு பக்கத்தில் மாட்டியிருக்கிறதே, அந்தத் திருகாணிகளில் ஸ்விட்ச் எப்படி இருந்தாலும் 230 வோல்ட் நின்றுகொண்டேதான் இருக்கும்.

இப்போது அப்பாவுக்கு வருவோம். அவர் சொல்வது தப்பில்லை, கணக்கு வேறு. ஊரில் 3/20 என்றால் இருபதாம் நம்பர் கம்பி மூன்று. அந்த நம்பர் பிரிட்டிஷ் கேஜ், அதாவது கம்பியின் தடிமனுக்கு நம்பர் கொடுக்கும் முறை, சட்டப்படி 1884ல் நடைமுறைக்கு வந்தது. நம்பர் கூடக் கூடக் கம்பி மெலிவது ஏன் என்று கேட்பார்கள். நகை ஆசாரி கம்பியச்சில் கம்பியை வைத்து ஓட்டை ஓட்டையாக மாற்றி இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை தடவை இழுத்தது என்பதிலிருந்துதான் அந்த நம்பர் வந்தது என்பார்கள், கூட இழுத்தால் மெலியத்தானே செய்யும். இருபதாம் நம்பர் 0.914 மிமீ, அது மூன்று சேர்ந்தால் ஏறக்குறைய 2 சதுர மிமீ. சிங்கப்பூர் 2.5ஐவிடக் குறைவு! உங்கள் அடுப்புக்கு அது கனவிலும் ஆகாது. 7/20 என்றால் 4.6, உங்களுக்கு அதைவிடப் பெரிதாகவே போடச் சொல்வேன், ஏன் என்று கீழே வருகிறேன்.

இடையில் ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. 60களில் கட்டிய குவீன்ஸ்டவுன், தோ பாயோ பக்கத்து வீடுகளில் வயரிங்கைத் தொடாமலே விட்டிருந்தால் அங்கே மில்லிமீட்டர் வயரே இருக்காது, அங்குலக் கணக்கு வயர் இருக்கும். 3/.029, 7/.029, 7/.036 என்று எழுதுவோம். .036 அங்குலம் என்பது பிரிட்டிஷ் கேஜில் சரியாக இருபதாம் நம்பர். அதாவது தோ பாயோ பழைய வீட்டின் 7/.036உம் உங்கள் அப்பா வாயில் வருகிற 7/20உம் ஒரே அளவு வயர்தான், பெயர்தான் இரண்டு. யீஷூன் வீடுகள் பெரும்பாலும் 80களிலும் அதற்குப் பிறகும் வந்தவை, அதற்குள் இங்கே மெட்ரிக் ஆகிவிட்டது. அப்படியும் உங்கள் பத்துச் சுற்று 7.4 அல்லது 9.1 என்று ஒட்டாத இடத்தில் வந்தால், அளந்ததில் பிழை என்று முதலில் சந்தேகப்படுங்கள், அப்புறம் இதை.

அமெரிக்கர் சொன்ன 10 கேஜ் இன்னொரு கதை. அவர்கள் நம்பர் அவர்களுக்கு. அமெரிக்க 10 என்றால் 5.26 சதுர மிமீ. அப்பாவின் பிரிட்டிஷ் கணக்கில் 10 என்றால் 8.3. ஒரே நம்பர், செம்பு ஒன்றரை மடங்கு வித்தியாசம். போதாக்குறைக்கு அவர் பேசுவது 120, 240 வோல்ட் வீடுகளைப் பற்றி. ஆகையால் கேஜ் என்ற சொல்லையே இந்த வேலை முடியும்வரை தள்ளி வையுங்கள், சிங்கப்பூரில் எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும் வயரைச் சதுர மில்லிமீட்டரில்தான் கேட்க வேண்டும்.

சரி, அடுப்பு. 6,400 வாட்டை 230ஆல் வகுத்தால் 27.8 ஆம்பியர். பழைய ஓவன் பாயிண்ட் பெரும்பாலும் 20 ஆம்பியர் எம்சிபியில் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) 2.5 வயராக இருக்கும், சிலர் 4 போட்டிருப்பார்கள். குழாய்க்குள் போகிற 2.5 வயர் 24 ஆம்பியர் தாங்கும் என்பது 30 டிகிரி வெப்பத்தில். நம் சமையலறையில் கேபினட்டுக்குப் பின்னாலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் எங்கே இருக்கிறது 30 டிகிரி? 35 என்று வைத்தால் நூற்றுக்கு ஆறு கழிக்க வேண்டும், 22 ஆம்பியர் சொச்சம்தான். 4 வயரின் 32 ஆம்பியர் 30க்கு வந்துவிடும். 6 வயரின் 41 ஆம்பியர் 38ல் நிற்கும். உங்கள் அடுப்புக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட வேண்டும், 32ஐ 30 தாங்கும் வயரின் தலையில் வைக்க முடியாது, ஆகவே டிபி பெட்டியிலிருந்து அடுப்புவரை 6 சதுர மிமீ, தனியாக. அதையும் ஏர்கான் வயர்களோடு ஒரே டிரங்கிங்கில் (வயர் போகும் மூடி போட்ட குழல்) திணித்தால் தாங்கும் அளவு இன்னும் இறங்கும், இரண்டு சர்க்யூட் சேர்ந்து போனாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அப்புறம் 6உம் பற்றாது. தனி வழி விடச் சொல்லுங்கள்.

"அத்தனை அடுப்பையும் ஒன்றாகவா போடப் போறீங்க, சும்மா ஓடும்" என்று ரெனோவேஷன்காரர் சொல்வார். சாதாரண நாளில் ஓடும்தான். தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டி, ஒரு பக்கம் இட்லிப் பானை, இன்னொன்றில் கறி என்று மூன்று மணி நேரம் முழுசாக எரியும் அல்லவா, அன்றைக்குத்தான் அந்த வயருக்குப் பரீட்சை. வயரின் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. 20 ஆம்பியரில் வருகிற சூடு 28ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிவிசி உறைக்கு 70 டிகிரிதான் எல்லை, அதற்குமேல் அது ஒரே நாளில் எரியாது, வருஷக் கணக்கில் காய்ந்து மொறுமொறுத்து வெடிப்பு விடும்.

"டிரிப் ஆகுதே" என்று எம்சிபியை மட்டும் பெரிதாக மாற்றுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம். எம்சிபி காப்பாற்றுவது அடுப்பை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. 32 ஆம்பியர் எம்சிபி 32ஐத் தொட்டதும் விழுந்துவிடாது, 36 வரைக்கும் விழாமல் நிற்கலாம், அப்படித்தான் அதைச் செய்கிறார்கள். அதற்குக் கீழே 2.5 வயர் ஒன்று மட்டும் இருந்தால் வயர் வெந்துகொண்டிருக்கும், எம்சிபி வேடிக்கை பார்க்கும். பெட்டியில் 32 எம்சிபியில் 2.5 வயர் இருக்கிறதே என்று யாராவது காட்டினால் மட்டும் உடனே பதறாதீர்கள், ஒரே திருகாணியில் இரண்டு வயர் மாட்டியிருந்தால் அது ரிங் சர்க்யூட்டாக இருக்கலாம், 13 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் போகும் முறை, அது சரியானதுதான்.

வயர் அளவைவிட எனக்குப் பயம் இணைப்புகள்தான். சில வருஷத்துக்கு முன் ஆங் மோ கியோவில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், ஓவன் போட்டால் மீன் வாடை மாதிரி ஏதோ வருகிறது என்று. பெட்டியில் பார்த்தேன், அழகான 4 வயர், 20 எம்சிபி. ஓவன் பாயிண்டைக் கழற்றினேன், உறை மெல்லிசாகத் தெரிந்தது, ஓர் இழையை அளந்தால் 0.53, அதாவது 1.5, விளக்குக்குப் போடும் வயர். நடுவில் எங்கேயோ மாறியிருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கில் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு பலகையாகத் தள்ளிப் பார்த்தால், மூன்றாவது பலகைக்குமேல் வெள்ளை கனெக்டர் ஒன்று காபிக் கலரில் உருகிப் போய்த் தொங்குகிறது, மூடி போட்ட பெட்டிகூட இல்லை. யார் செய்தது என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியவில்லை, அவருக்கு முன்னால் இரண்டு பேர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் துண்டை அளந்து 4 என்றோ 6 என்றோ வந்தால்கூட, அது அந்த முனையில் இருக்கும் வயரின் அளவு மட்டுமே. ஒரு சர்க்யூட்டின் பலம் அதில் எங்கே மெலிந்த வயர் இருக்கிறதோ அதன் பலம்தான். பழையதை நம்பாமல் புதிதாக முழு நீளம் இழுக்கச் சொல்வது அதனால்தான்.

நிறத்தைப் பற்றி. சிவப்பு, கறுப்பு என்றால் 2009க்கு முந்தைய வயரிங். அந்த வருஷம் இங்கே நிறம் மாறியது, இப்போது லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் மட்டும் அதே பச்சை மஞ்சள். நிறத்துக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் உங்கள் வயருக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆகிறது என்று தெரிந்துவிட்டது. இழையைப் பிரிக்கும்போது செம்பு நிறமாக இல்லாமல் வெள்ளியாகத் தெரிந்தால் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே செம்பு வந்தால் ஈயம் பூசியது, பரவாயில்லை. செம்பு மேலே இருந்து உள்ளே வெள்ளையாக வந்தால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது, அந்த வயர் வீட்டில் இருக்கவே கூடாது.

வயரைவிட முக்கியமாக ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள்: உங்கள் மெயின் ஸ்விட்ச் எத்தனை ஆம்பியர்? பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 30 இருக்கும், பிந்தையவற்றில் 40. எண் ஸ்விட்சின் முகத்திலேயே எழுதியிருக்கும், எதையும் கழற்ற வேண்டாம். 30 என்றால் மொத்த வீட்டுக்கும் 6.9 கிலோவாட், அதில் 6.4ஐ அடுப்புக்குக் கொடுத்துவிட்டு ஏர்கானும் ஹீட்டரும் எங்கே போகும்? 40 என்றாலும் 9.2 கிலோவாட்தான், சாயங்காலம் குளிப்பதும் சமைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும் வீடு என்றால் இடிக்கும். நிறைய இண்டக்‌ஷன் அடுப்புகளில் மொத்த வாட்டைக் கட்டுப்படுத்தும் செட்டிங் உண்டு, உங்களுடையதில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். 3.5 கிலோவாட்டுக்கு இறக்கினால் 15 ஆம்பியர் சொச்சம், அப்போது 4 வயரும் 20 எம்சிபியும் தாராளம். என்னைக் கேட்டால் வீட்டில் நாலு பேர் என்றால் அதுவே போதும், ஆனாலும் புதுசாக வயர் இழுக்கும்போது 6 இழுத்துவிடுங்கள், சுவரை ஒரே தடவை உடைத்தால் போதும்.

பெட்டியைப் பார்க்கும்போதே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள், டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் சிலவற்றில் அது இல்லாமல் இருந்தது, இப்போது எல்லா வீட்டிலும் இருந்தாக வேண்டும், அதற்கான கெடு 2025 ஜூலை 1ஓடு முடிந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அடுப்பை விட அது முந்தி.

வேலையை யார் செய்வது என்பதில் பேரமே வேண்டாம். அளப்பது, படிப்பது, கேள்வி கேட்பது உங்கள் வேலை. வயர் இழுப்பதும் எம்சிபி மாற்றுவதும் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் பணியாளரின் வேலை, சட்டமே அதுதான். உங்கள் வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் நிலை உரிமமே போதும், அவர்கள் 45 கேவிஏ மின்சுமை வரைக்கும் செய்யலாம். ரெனோவேஷன்காரர் "எங்க ஆள் செய்வார்" என்றால் அந்த ஆளின் உரிம எண்ணைக் கேட்டு ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், ஒரு நிமிஷம் ஆகாது. மெயினை 30லிருந்து 40க்கு ஏற்ற வேண்டுமென்றாலும் அவர்தான் விண்ணப்பம் போட வேண்டும்.

வயர் சுருள் வந்து இறங்கும்போது லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள், டிரங்கிங் மூடுமுன் முழு நீளத்தையும் ஒரு வீடியோ, நடுவில் கனெக்டர் எதுவும் இல்லை என்று தெரிகிற மாதிரி. வேலை முடிந்து மிஞ்சும் துண்டில் ஓர் அடி நீளம் வாங்கிக்கொள்ளுங்கள், பென்சிலில் பத்துச் சுற்று, 10.4 வர வேண்டும். அப்பா மறுபடி போன் பண்ணிக் கேட்டால் "7/20ஐ விடப் பெரிசாகவே போட்டாச்சுப்பா" என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.